பிழையான இடத்தில் வார்த்த நீர்

நான் ஒரு குடும்பத்துக்குப் பொய்யான மண்ணைக் கொடுத்தேன்.

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் முன்னோர் இங்கேதான் புதைக்கப்பட்டார் என்று ஒரு மரத்தடியைக் காட்டினேன். அவர் அங்கே இல்லை. இல்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் காட்டினேன்.

இதை எழுத உட்காரும்போது பாரமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. நாள் முழுக்க இறுக்கிய சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் கால் வைத்ததுபோல இருக்கிறது... அந்த ஆறுதலையும் உங்களிடம் ஒளிக்கப்போவதில்லை. ஆனால் அதற்காக என்னை நல்லவள் என்று அவசரப்பட்டு எண்ணிவிடாதீர்கள். அவசரப்பட்டு எண்ணுவது என் குணம். அதனால் வந்த வினைதான் இது.

நான் ஜெர்மனியில் கெல்சென்கிர்ச்சன் நகரில் பிறந்து வளர்ந்தவள். அம்மாவும் அப்பாவும் யாழ்ப்பாணத்திலிருந்து அகதிகளாக வந்தவர்கள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கிய புதிதில், மாணவர்கள் சிலர் நடத்திய ஒரு சிறு குழுவில் சேர்ந்தேன். ஆபிரிக்க வம்சாவளியினர் தங்கள் முன்னோரின் தடம் தேடி ஜெர்மனிக்கு வரும்போது, கூடவே போய் இடங்களைக் காட்டுவது எங்கள் வேலை.

ஜெர்மனியில் அவர்களுக்கு என்ன தடம் என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டிருக்கிறேன். முன்னோரைத் தேடிப் போகிறவர்கள் ஆபிரிக்கக் கடற்கரைக்கல்லவா போவார்கள் என்று. ஆனால் இந்த நாட்டுக்கும் ஒரு காலத்தில் ஆபிரிக்காவில் குடியேற்ற நாடுகள் இருந்தன. அங்கிருந்து ஆட்களைக் கப்பலில் கொண்டுவந்து, மிருகக்காட்சிச் சாலைகளில் வேலி கட்டி, குடிசை போட்டு, உள்ளே இருத்தி, ரிக்கற் விற்று வேடிக்கை காட்டியிருக்கிறார்கள். எங்கள் தீவிலிருந்தும் அப்படிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதை முதன்முதலில் வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே அந்தக் குழுவில் சேர்ந்துவிட்டேன்.

அம்மாவுக்கு இது பிடிபடவில்லை.

"செத்த ஆக்களைத் தேடுற நேரத்துக்கு, உயிரோட இருக்கிற ஒருத்தனைத் தேடலாம் நீ" என்பாள்.

"அவையளும் ஆரோ ஒராளின்ர பிள்ளையள்தானே அம்மா."

"ஓம் ஓம். முதல்ல உன்ர அறையைக் கூட்டு."

இந்த நிலையில்தான் அஃபி எங்களுக்கு எழுதினார். டோகோ நாட்டில் பிறந்து, பிரான்சின் லியோன் நகரில் பள்ளி ஆசிரியையாக இருப்பவர். கற்பிப்பது ஜெர்மன் மொழி. அந்த மொழியைப் படித்ததற்கே காரணம் அவர்கள் வீட்டுக் கதை ஒன்றுதான். அவருடைய பூட்டனாரின் தம்பி, யாவோ என்று பெயர், அப்படியொரு காட்சிக் கூட்டத்தோடு ஜெர்மனிக்குப் போனார். திரும்பி வரவில்லை. அவ்வளவுதான் வீட்டாருக்குத் தெரியும்.

அவர்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் முதலில் முன்னோருக்கு நீர் வார்ப்பார்கள். சோள மா கரைத்த தண்ணீர். ஒவ்வொரு பெயராகச் சொல்லி, ஒவ்வொரு பெயருக்கும் நிலத்தில் ஊற்றுவார்கள். யாவோவின் பெயர் வரும்போது மட்டும் கிண்ணத்தைச் சாய்க்காமல் நிறுத்திப் பிடிப்பார்களாம். அவர் எந்த மண்ணில் கிடக்கிறார் என்று தெரியாதே, எங்கே என்று ஊற்றுவது? நான்கு தலைமுறையாக அந்த இடத்தில் ஒரு மௌனம்.

அந்த மௌனத்தை முடித்துவைக்கப் போகிறவள் நான்! அப்படித்தான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

தேடினேன். வகுப்புகளைத் தவறவிட்டுத் தேடினேன். கடைசியில், ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள ஒரு நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் அவர் அகப்பட்டார். குளிர்காலத்தில் நெஞ்சு நோயால் இறந்திருக்கிறார். அந்த நகரத்து மயானத்தில், இன்ன பகுதியில், இன்ன வரிசையில், இன்ன எண் குழியில் புதைத்திருக்கிறார்கள்.

காப்பக வாசலில் நின்றபடியே அஃபிக்குச் செய்தி அனுப்பினேன். "கண்டுபிடித்துவிட்டேன். கல்லறை இருக்கிறது. வாருங்கள்."

கல்லறை இருக்கிறது... நான் பார்த்தேனா? இல்லை. மயானத்துக்குப் போனேனா? இல்லை. போக வேண்டும் என்றே தோன்றவில்லை. எண் இருந்தால் கல்லறையும் இருக்கும்தானே!

இங்கேதான் நீங்கள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். ஜெர்மனியில் பிறந்தவள், வரலாறு படிக்கிறவள், ஆனால் இந்த நாட்டில் கல்லறை என்பது குத்தகை என்று எனக்குத் தெரியாது. இருபதோ முப்பதோ ஆண்டுகள். அதற்குப் பிறகு யாரும் பணம் கட்டிப் புதுப்பிக்காவிட்டால் கல்லை எடுத்துவிட்டு, அதே இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். என் ஜெர்மன் தோழிகள் எல்லோருக்கும் தெரியும். சின்ன வயதிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லறைப் பூக்களுக்குத் தண்ணீர் விடப் போனவர்கள் அவர்கள். நாங்களோ எரிக்கிறவர்கள். சாம்பல் ஒரு பெட்டியில் ஊருக்குப் போய், யாழ்ப்பாணத்துக் கீரிமலைக் கடலில் கரைந்துவிடும். எங்கள் வீட்டில் யாருக்கும் பராமரிக்க ஒரு கல்லறை இருந்ததில்லை. அதற்கு முடிவுத் திகதி இருக்கும் என்று நான் எப்படி அறிவேன்?

பார்த்தீர்களா, நியாயம் கற்பிக்கத் தொடங்கிவிட்டேன். அறியாமை என் குற்றமல்ல. குற்றம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

அஃபி வந்த அன்று, அவருடைய ரயிலுக்கு முன்னதாகவே நான் மயானத்துக்குப் போனேன். இடத்தைப் பார்த்து வைப்போம், ஒரு பூங்கொத்து வைப்போம் என்று. எண்ணைத் தேடி நடந்தேன். அந்த எண்ணில் பளபளப்பான கறுப்புக் கல் நின்றது. ஒரு ஜெர்மன்காரரின் பெயர். அவர் இறந்து அதிக காலம் ஆகவில்லை. கீழே செக்கச்செவேலென்று பிகோனியாப் பூக்கள்.

மயான அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். எதிர்முனையில் இருந்தவருக்கு என் பதற்றம் விளங்கவில்லை.

"அந்தக் காலத்து ஆளோ? அது எப்பவோ எடுத்தாச்சு" என்றார்.

"அப்ப எலும்புகள்?"

"மிஞ்சிக் கிடந்தால் இன்னும் ஆழத்தில வைப்பினம். அதுக்கு மேலதான் அடுத்த ஆள்."

ஜெர்மனில் சொன்னதை நான் என் தமிழில் எழுதுகிறேன். என் காதில் அது அப்படித்தான் விழுகிறது.

அதாவது யாவோ அங்கேயேதான் இருந்தார். அந்தப் பிகோனியாக்களுக்குக் கீழே, அந்த ஜெர்மன்காரருக்கும் கீழே. உண்மை என் காலடியிலேயே இருந்தது. அதைச் சொன்னால் போதும். "அஃபி, அவர் இங்கேதான், ஆனால் மேலே வேறொருவர் இருக்கிறார்." இவ்வளவுதான். ஒரு வசனம்.

ஏன் சொல்லவில்லை?

கல்லறை இருக்கிறது என்று எழுதியவள் நான். அந்த ஒரு வசனத்தை நம்பி விடுப்பு எடுத்து, புதுத் துணி தைத்து, டோகோவிலிருக்கும் சொந்தங்களையெல்லாம் கைபேசித் திரையில் பார்க்கக் கூட்டிவைத்துவிட்டு வருகிற ஒருவரிடம், வேறொருவரின் கல்லைக் காட்டவா? கெட்டிக்காரி, சுட்டி, எதைத் தேடினாலும் கண்டுபிடித்துவிடுவாள் என்று எல்லோரும் சொல்கிற நான், வந்து பார்க்காமலே வாக்குக் கொடுத்தவள் என்று தெரியவா? அவர் மனம் நோகும் என்று பயந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய். என் முகம் போய்விடும் என்று பயந்தேன்.

மயான வாசலில் அஃபியைச் சந்தித்தேன். என்னை அணைத்துக்கொண்டார். வெள்ளைத் துணி உடுத்தியிருந்தார். உள்ளே நடந்தோம். சொல்லு, சொல்லு என்று நெஞ்சுக்குள் ஒன்று அடித்துக்கொண்டது. வழியில் மயானத்தின் பழைய மூலை. பெரிய பீச் மரம் ஒன்று, வழவழப்பான சாம்பல் நிறப் பட்டை கொண்ட காட்டு மரம், கீழே வெறும் புல். மூச்சு வாங்க அங்கே ஒரு கணம் நின்றேன். அஃபியும் நின்றார். மரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்தார்.

"இங்கேயா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

தமிழிலாவது அது ஒரு சொல். ஜெர்மனில் மூச்சு விடும் அளவுதான். யா.

அவர் செருப்பைக் கழற்றினார். முழங்காலில் இருந்தார். கைபேசியை என் கையில் தந்து பிடிக்கச் சொன்னார். திரையில் ஒரு முற்றம், நிறைய முகங்கள். அஃபி ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சொல்லி நீர் வார்த்தார். யாவோவின் பெயர் வந்தது. கிண்ணம் சாய்ந்தது. அந்தப் பக்கத்தில் இருந்தவர்களிடமிருந்து ஒரு சத்தம் எழுந்தது. அழுகையா, பாட்டா, எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. பிறகு அஃபி ஒரு ஜாம் போத்தலில் அந்த மரத்தடி மண்ணை அள்ளி மூடினார்.

கைபேசியைப் பிடித்திருந்தது என் கை. பொய்க்குச் சாட்சியாக நானே படமும் பிடித்துக் கொடுத்தேன். கறுப்புக் கல் கூப்பிடு தூரத்தில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

மண் டோகோவுக்குப் போனது. வீட்டு முற்றத்துச் சுவரடியில் அதைப் பதித்து, சுற்றிச் சீமெந்து பூசினார்கள். அந்த ஆண்டு பிறந்த ஆண் குழந்தைக்கு யாவோ என்று பெயர் வைத்தார்கள். படங்கள் வந்துகொண்டேயிருந்தன. ஒருநாள் அஃபி எழுதினார்: இப்போது நீர் வார்க்கும்போது யாவோவுக்கு அடுத்ததாக உன் பெயரையும் சொல்கிறோம், சிந்துஜா. கண்டுபிடித்துத் தந்தவள் நீண்டகாலம் வாழட்டும் என்று.

கடலுக்கு அப்பால், ஒரு முற்றத்தில், என் பெயரைச் சொல்லி நிலத்தில் தண்ணீர் விழுகிறது... அன்றிரவு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

குழுவிலிருந்து விலகினேன். படிப்புச் சுமை என்றேன். எனக்கு நானே ஒரு தத்துவமும் செய்துகொண்டேன். இடத்தில் என்ன இருக்கிறது? மண் எல்லாம் ஒரே மண். மனம்தான் முக்கியம். எங்கள் ஆட்களே உடல் கிடைக்காவிட்டால் தர்ப்பையில் உருவம் செய்து கிரியை செய்வதில்லையா? கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! இரண்டு ஆண்டுகள் அந்தத் தத்துவத்தில் ஒண்டியிருந்தேன்.

அதை உடைத்தது அம்மா. அவளுக்கு இது எதுவும் தெரியாது.

அம்மாவின் தம்பி, என் குணா மாமா, போரின் கடைசி நாட்களில் காணாமல் போனவர். அவருக்கு அம்மா கிரியை செய்யவில்லை. படத்துக்கு மாலையும் போடவில்லை. தர்ப்பையில் உருவம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவாள். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். தெரிந்திருந்தும் அந்தத் தத்துவத்தைச் செய்தேன் பாருங்கள்.

போன ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. அம்மா குசினியில் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். ஊரிலிருந்து ஓர் அழைப்பு. தெரிந்தவருக்குத் தெரிந்த ஒருவர். அம்மா கைபேசியைச் சத்தமாகப் போட்டுவிட்டு வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, உங்கட தம்பியைத் தாட்ட இடம் எனக்குத் தெரியும். வீடியோவில காட்டட்டோ? விரும்பினா ஒரு பிடி மண்ணும் அனுப்பிவிடுறன்."

கத்தி நின்றது.

"தம்பி, நீர் கண்ணால கண்டனீரோ?"

"நான் காணேல்ல அக்கா. அப்பிடித்தான் ஆக்கள் சொல்லிச்சினம்."

அம்மா கத்தியைப் பலகையில் வைத்தாள். நான் வாசலில் நின்றேன். அவள் ஓம் என்று சொல்லிவிடுவாள் என்றே நினைத்தேன். இத்தனை காலம் காத்திருந்தவள்.

"அப்ப வேண்டாம் தம்பி. குறை நினையாதையும். பிழையான இடத்தில நான் இருந்து அழுதால், அவன் எங்கயோ கிடந்து பாத்துக்கொண்டெல்லோ இருப்பான்."

கைபேசியை வைத்தாள். என்னைக் கண்டதும், "என்ன பேயைக் கண்டமாதிரி நிக்கிறாய்? உந்தச் சட்டியை எடு" என்றாள்.

சட்டியை எடுத்துக் கொடுத்தேன். அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அஃபியை அழைத்தேன்.

முன்னுரை எதுவும் வைக்கவில்லை. "அவர் மரத்தடியில் இல்லை. எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். வாக்குக் கொடுத்தது, வந்து பாராதது, கறுப்புக் கல், நான் சொன்ன அந்தச் சின்னச் சொல். அழக்கூடாது என்று முதலே முடிவெடுத்திருந்தேன். அழுதால் அவர் என்னைத் தேற்ற வேண்டி வரும்.

சொல்லி முடித்ததும் என்ன நடந்தது தெரியுமா? மூச்சு வந்தது. வயிற்றுவரை இறங்கிய மூச்சு. இரண்டு ஆண்டுகளாக நெஞ்சின் மேல்பாதியால் மட்டும் வாழ்ந்திருக்கிறேன் என்று அப்போதுதான் விளங்கியது. வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன்: திரையின் அந்தப் பக்கத்தில் அவர் முகம் இருண்டுகொண்டிருந்த அதே வேளையில், இந்தப் பக்கத்தில் என் உடம்பு இலேசாகிக்கொண்டிருந்தது.

அஃபி கேட்டார்.

"அப்ப அவர் உண்மையில எங்க?"

சொன்னேன்.

"நீ அங்க போ. நான் பாக்கவேணும்."

அடுத்த ஞாயிறு போனேன். மயானத்துக் குழாயடியில் பச்சைப் பூவாளிகள் சங்கிலியில் தொங்கும். கடைத் தள்ளுவண்டிபோல நாணயம் போட்டுத்தான் கழற்ற வேண்டும். தண்ணீர் பிடித்து, கொண்டுபோன சோள மாவைக் கரைத்தேன். கறுப்புக் கல்லின் முன் நின்று அஃபியை அழைத்தேன். பூவாளியைத் தூக்கும்போது பின்னால் ஒரு குரல்.

"உங்களுக்கு என்ர மனுசனைத் தெரியுமோ?"

கையுறை போட்ட ஒரு பெண்மணி. கையில் சின்ன மண்வெட்டி.

"இல்லை" என்றேன்.

"அப்ப ஏன் அவருக்குத் தண்ணி ஊத்துறீங்கள்?"

இன்னொரு பொய் நாவின் நுனியில் வந்து நின்றது. பழைய நண்பி என்று சொல்லலாம், பிழையான கல் என்று சொல்லலாம். விழுங்கிவிட்டேன். "அவருக்குக் கீழே இன்னொருவர் இருக்கிறார். நாங்கள் அவரைத் தேடி வந்தோம்" என்றேன். யாவோ யார், எப்படிக் கொண்டுவரப்பட்டார், எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பெண்மணி கல்லைப் பார்த்தார், கைபேசித் திரையிலிருந்த அஃபியைப் பார்த்தார், மறுபடி கல்லைப் பார்த்தார்.

"என்ர மனுசனுக்கு ஆக்களோட கதைக்கவே விருப்பமில்லை. கீழ ஒராள் இருக்கிறார் எண்டு தெரிஞ்சிருந்தால் வேற இடம் கேட்டிருப்பார்."

அஃபி சிரித்துவிட்டார். நானும். மயானத்தில் அப்படிச் சிரிக்கக்கூடாது.

"ஒரு பிடி மண் எடுக்கலாமா?" என்று கேட்டேன்.

அவர் முகம் மாறியது. "தண்ணி ஊத்துங்கோ. மண் எடுக்க ஏலாது. அதில இவரும் இருக்கிறார்."

நான் உண்மையான மண்ணைக் கேட்டால் உண்மையான மண் கிடைத்துவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நம்பியிருந்தேன் போலிருக்கிறது. பிழையைத் திருத்தி, போத்தலில் அடைத்து, அனுப்பிவிடலாம் என்று. இல்லை.

அஃபி பெயர்களைச் சொன்னார். யாவோவின் பெயரில் நான் பூவாளியைச் சாய்த்தேன். பிகோனியா இலைகளில் மா வெள்ளையாகப் படிந்தது. அந்தப் பெண்மணி கையுறையைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில், கைபேசியில் இன்னும் இருந்த அஃபியிடம் கேட்டேன். "வீட்டில் எப்போது சொல்வீர்கள்?"

"சொல்லமாட்டன்."

"அஃபி..."

"என்னத்தைச் சொல்ல? சுவரடியை உடைக்கச் சொல்லவோ? பிள்ளையின்ர பேரை மாத்தச் சொல்லவோ? நாலு தலைமுறைக்குப் பிறகு ஊத்தத் தொடங்கின கிண்ணத்தைத் திரும்ப நிறுத்திப் பிடிக்கச் சொல்லவோ?"

நான் இறக்கி வைத்த பாரம் எங்கே போனது என்று அப்போது கண்டேன். அவர் தலைக்குத்தான் போனது. எனக்கு இலேசானது வேறெப்படி?

"அப்ப என்ர பேரையாவது விடச் சொல்லுங்கோ" என்றேன்.

"அதுக்கு என்ன காரணம் சொல்லுவன்?" என்றார். கோபமே இல்லாத குரல். "அவை சொல்லட்டும். நீ கேள்."

இப்போது நன்றாகத் தூங்குகிறேன். சாப்பாடு இறங்குகிறது. அம்மாவோடு சண்டை பிடிக்கிறேன், குழுவிலும் மறுபடி சேர்ந்துவிட்டேன், இடத்தைக் கண்ணால் காணாமல் யாருக்கும் ஒரு சொல்லும் எழுதுவதில்லை. ஓம், ஆறுதல்தான். அதை மறைக்க மாட்டேன் என்று முதலே சொன்னேன்.

போன வாரம் அவர்கள் வீட்டில் ஒரு கல்யாணம். அஃபி போயிருந்தார். என்னையும் திரையில் அழைத்தார்கள். முற்றம், சுவரடி, சீமெந்துக்குள் என் பீச் மரத்து மண். பெயர்கள் வந்தன. யாவோவின் பெயர் வந்தது. கிண்ணம் சாய்ந்தது. அடுத்து என் பெயர்.

எல்லோரும் தலை குனிந்து மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அஃபி மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.